கொசுவின் வயிற்றிலிருந்து உமிழ்நீர் வரை: வைரஸ் கடக்கும் பாதை

ஜூன் 2, காலை – வாசகர் கேள்வி

டெங்கு நோயாளியைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடித்தால் அவருக்கும் டெங்கு வருகிறது. அப்படியானால் கொசு என்பது சிறகு முளைத்த ஊசிதானே? எச்.ஐ.வி. உள்ளவரைக் கடித்துவிட்டு அடுத்தவரைக் கடிக்கும்போது மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? பரவாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் பரவாது என்பதை யாரும் சொல்வதில்லை.

ஜூன் 2, இரவு

கொசுவை ஊசியாக எண்ணுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. ஊசியில் இரத்தம் உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் ஒன்றே. கொசுவின் உறிஞ்சுகுழலுக்குள்ளோ இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன. ஒன்றின் வழியே இரத்தம் மேலேறி வயிற்றுக்குப் போகிறது. மற்றொன்றின் வழியே உமிழ்நீர் மட்டும் நம் தோலுக்குள் இறங்குகிறது. குடித்த இரத்தத்தைக் கொசு அடுத்தவர் உடம்பில் கக்குவதில்லை. ஆகவே ஒரு வைரஸ் கொசுவின் வழியாகப் பரவ வேண்டுமென்றால், அது வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிவரை தானே போய்ச் சேர வேண்டும்.

எச்.ஐ.வி.யால் அது முடியாது. மனிதரின் சில வெள்ளணுக்களின் மேற்பரப்பில் இருக்கும் சிடி4 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டுதான் அது உயிரணுவுக்குள் நுழையும். கொசுவின் குடலில் அந்தப் பிடிமானம் கிடையாது. இரத்தம் செரிக்கும்போது வைரஸும் கூடவே செரித்துப் போகிறது.

டெங்கு வைரஸின் கதை வேறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் இனத்தின் ஒரு பெண் கொசு ஒரு வேளைக்குக் குடிப்பது இரண்டு மூன்று மைக்ரோலிட்டர் இரத்தம்தான். அந்த இரத்தக் கட்டியைச் சுற்றிச் சில மணி நேரத்தில் ஒரு மெல்லிய உறை படரத் தொடங்குகிறது. செரிமான நொதிகளும் சுரக்கின்றன. அதற்குள் நடுக்குடலின் உயிரணுக்கள் சிலவற்றிலாவது வைரஸ் நுழைந்துவிட வேண்டும். நுழைந்தபின் அங்கே பெருகி, குடலின் வெளிப்புறத்தில் உள்ள அடிச்சவ்வைக் கடந்து, உடற்குழியில் ஓடும் திரவத்தில் கலந்து, கொழுப்புத் திசுவிலும் நரம்புகளிலும் மேலும் பெருகி, கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, அங்கிருந்து உமிழ்நீருக்குள் வெளிப்பட வேண்டும். 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் இதற்குப் பொதுவாக 8 முதல் 12 நாட்கள் பிடிக்கின்றன. அதன்பின் அந்தக் கொசு சாகும்வரை நோயைக் கடத்தும்.

நான் முன்பு பணியாற்றிய ஆய்வகத்தில் நான்காம் நாளிலேயே சில கொசுக்களின் கால்களில் டெங்கு வைரஸைக் கண்டோம். கால்வரை வந்துவிட்டால் அது குடலைத் தாண்டிவிட்டது என்று பொருள். ஆகவே இந்தக் கணக்கைவிட வேகமாக ஓடும் வைரஸும் உண்டு என்பது என் கருத்து.

ஜூன் 3, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கொசு எந்த வைரஸையும் ஊசிபோலக் கடத்துவதே இல்லை என்று தொனிக்கும்படி எழுதிவிட்டேன். அது சரியல்ல. முயல்களைக் கொல்லும் மிக்சோமா வைரஸ் அப்படித்தான் பரவுகிறது. 1950-இல் ஆஸ்திரேலியாவில் முயல்களை ஒழிப்பதற்காக அதை வெளியில் விட்டபோது, முயலின் தோல் கட்டியில் குத்திய கொசுவின் வாயில் ஒட்டிக்கொண்டே அது அடுத்த முயலுக்குப் போயிற்று. கொசுவுக்குள் அது பெருகுவதில்லை. தோல் கட்டியில் வைரஸ் மிக அடர்த்தியாக இருப்பதால் உறிஞ்சுகுழலின் நுனியில் ஒட்டும் துளியளவே போதுமானதாகிறது. எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தத்திலோ அந்த அடர்த்தி இல்லை. நுனியில் ஒட்டியிருக்கக்கூடிய இரத்தத்தின் அளவும் மிகமிகக் குறைவு.

ஜூன் 4

இந்த எட்டுப் பத்து நாள் இடைவெளியை அறியாமல் ஓர் உண்மை இருபது ஆண்டுகள் தேங்கி நின்றதைச் சொல்லாமல் இந்த இழையைத் தொடர முடியவில்லை. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று ஹவானாவில் கார்லோஸ் ஃபின்லே 1881-இல் அறிவித்தார். இன்று ஏடிஸ் எஜிப்தி என்று நாம் அழைக்கும் அதே கொசுவைத்தான் அவர் சுட்டினார். ஆனால் நோயாளியைக் கடித்த கொசுவைப் போதிய நாட்கள் காத்திருக்க விடாமல் தன்னார்வலர்களைக் கடிக்கவிட்டார். அவருடைய சோதனைகள் யாரையும் நம்பவைக்கவில்லை.

முடிச்சை அவிழ்த்த குறிப்பு சோதனைச்சாலையிலிருந்து வரவில்லை. 1898-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலச் சிற்றூர்களில் மஞ்சள் காய்ச்சலைக் கவனித்த ஹென்றி ரோஸ் கார்ட்டர், ஒரு வீட்டில் முதல் நோயாளி படுத்ததற்கும் அவரால் அடுத்தவர்கள் படுத்ததற்கும் இடையே இரண்டு மூன்று வாரங்கள் கழிவதைக் குறித்துவைத்தார். நோயாளியின் உடம்புக்கு வெளியே, எங்கோ ஓரிடத்தில், நோய் காத்திருக்கிறது என்பதே அதன் பொருள். 1900-இல் கியூபாவுக்கு வந்த அமெரிக்க இராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழு ஃபின்லேயிடமிருந்து கொசு முட்டைகளைப் பெற்றது. கார்ட்டரின் நாட்கணக்கும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 27-இல் குழுவைச் சேர்ந்த ஜேம்ஸ் கரோல் தன்னைக் கடிக்கவிட்ட கொசு, 12 நாட்களுக்கு முன் ஒரு நோயாளியின் இரத்தத்தைக் குடித்திருந்தது. கரோல் கடுமையாக நோயுற்றுப் பிழைத்தார். அதே குழுவின் ஜெசி லேசியர் செப்டம்பரில் மஞ்சள் காய்ச்சலால் இறந்தார்.

வைரஸ் என்றால் என்னவென்றே தெளிவில்லாத காலத்தில், வீடு வீடாகத் தேதிகளைக் கேட்டு எழுதிய ஒரு மருத்துவர், கொசுவின் உடலுக்குள் நடப்பதன் கால அளவைக் கண்டுபிடித்துவிட்டார். நான் ஆய்வுக்கு வந்த முதல் ஆண்டில் இதைப் படித்தபோது ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

ஜூன் 5

"பத்து நாள்தானே, அதனால் என்ன?" என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பத்து நாளில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

வெளியில் வாழும் கொசுவின் ஆயுள் குறைவு. ஒரு நாளைக்கு நூற்றில் தொண்ணூறு கொசுக்கள் பிழைக்கின்றன என்று வைத்துக்கொண்டால், பத்து நாள் கழித்து எஞ்சுபவை ஏறத்தாழ 35. நூற்றில் எண்பதுதான் பிழைக்கின்றன என்றால் எஞ்சுபவை 11 மட்டுமே. அன்றாடப் பிழைப்பில் பத்து விழுக்காடு குறைந்தது, நோய் கடத்தும் வயதை எட்டும் கொசுக்களை மூன்றில் ஒன்றாக்கிவிட்டது. ஜார்ஜ் மக்டொனால்டு 1950-களில் மலேரியாவுக்கென வகுத்த கணக்கின் மையமே இதுதான். கொசுக்களின் எண்ணிக்கை இரட்டித்தால் ஆபத்தும் இரட்டிக்கும். கொசு மனிதரைக் கடிக்கும் வேகம் இரட்டித்தால் ஆபத்து நான்கு மடங்காகும், ஏனெனில் வைரஸை வாங்க ஒரு கடியும் கொடுக்க ஒரு கடியும் தேவை. ஆயுளோ அடுக்குக்குறியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வளர்ந்த கொசுவின் ஆயுளைச் சிறிது குறைத்தாலும் பலன் பெரிதாகக் கிடைப்பது அதனால்தான்.

ஜூன் 9

கொசுவைப் பிடித்து அரைத்துப் பரிசோதித்து அதில் வைரஸின் மரபுப்பொருள் கிடைத்துவிட்டால், அந்த இனம் நோயைப் பரப்புகிறது என்று உறுதியாகிவிடாதா என்ற கேள்விக்கு நீளமாகவே பதில் எழுத விரும்புகிறேன். இந்த ஒரு தவறான முடிவால்தான் இத்துறையில் மிகுதியான வீண்விவாதங்கள் நடந்திருக்கின்றன.

நோயாளியைக் கடித்த எந்தக் கொசுவின் வயிற்றிலும் வைரஸ் இருக்கும். உண்மையில் வைரஸுக்கு முன்னே நான்கு தடைகள் இருக்கின்றன: குடலுக்குள் நுழைவது, குடலைவிட்டு வெளியேறுவது, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைவது, சுரப்பியிலிருந்து உமிழ்நீருக்குள் வெளிப்படுவது. எந்தத் தடையிலும் அது நின்றுவிடலாம். குடல் முழுதும் வைரஸ் நிறைந்திருந்தும் கால்களில் ஒரு துளிகூட இல்லாத கொசுக்களையும், கால்களில் நிறைந்திருந்தும் உமிழ்நீரில் இல்லாத கொசுக்களையும் நாங்கள் வாரந்தோறும் பார்ப்போம். அதனால் ஒவ்வொரு கொசுவிலிருந்தும் உடல், கால்கள், உமிழ்நீர் என மூன்று மாதிரிகளை எடுப்பது வழக்கம். நான் நம்புவது மூன்றாவதைத்தான்.

உமிழ்நீர் எடுப்பது பொறுமையைக் கேட்கும் வேலை. கொசுவைக் குளிரில் மயக்கி, பனிக்கட்டியின் மேல் வைத்த தட்டில் கிடத்தி, நுண்ணோக்கியின் கீழே இடுக்கியால் ஆறு கால்களையும் இரண்டு சிறகுகளையும் எடுத்துவிட வேண்டும். பிறகு எண்ணெய் நிரப்பிய மயிரிழைக் கண்ணாடிக் குழாயின் வாய்க்குள் உறிஞ்சுகுழலைச் செலுத்த வேண்டும். அதற்கு வெளியே உறைபோல இருக்கும் மென்மையான பகுதி உள்ளே போகாமல் வில்லாக வளைந்து நின்றால் சரியாகச் செருகியிருக்கிறோம் என்று தெரியும். அரை மணி நேரம் அப்படியே விட்டால் நுனியில் எண்ணெய்க்குள் மிகச் சிறிய குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரளும். உமிழ்நீர் அதுதான். அந்தக் குமிழிகளை உயிரணு வளர்ப்பின்மேல் ஊற்றி, சில நாட்களில் உயிரணுத் தளத்தில், வைரஸ் உயிரணுக்களைக் கொன்ற இடங்களில், வட்ட வட்டமாகக் குழிகள் விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். மரபுப்பொருள் இருப்பது வேறு, தொற்றக்கூடிய உயிர்ப்புள்ள வைரஸ் இருப்பது வேறு.

2016-இல், ஏடிஸ் கொசு கடத்தும் ஜிகா வைரஸ் பரவியபோது, வீட்டுச் சாக்கடையில் வளரும் கியூலெக்ஸ் கொசுவும் அதைப் பரப்புகிறதா என்ற அச்சம் எழுந்தது. அந்தக் கொசுக்களில் சிலவற்றில் ஜிகாவின் தடயம் கிடைத்திருந்தது. பல நாட்டு ஆய்வகங்கள் உமிழ்நீர்வரை சோதித்தபோது, பெரும்பாலானவற்றில் கியூலெக்ஸ் அதைக் கடத்தவில்லை. அது பரப்பியிருந்தால் கட்டுப்பாட்டுப் பணியின் திசையே மாறியிருக்கும்: ஏடிஸ் நல்ல நீர் தேங்கும் கலங்களில் முட்டையிடும், கியூலெக்ஸ் கழிவுநீரில்.

ஆய்வகச் சோதனைக்கும் எல்லைகள் உண்டு. பல தலைமுறை கூண்டில் வளர்ந்த கொசு, வெளியில் பிடித்த கொசுவைப்போல நடந்துகொள்வதில்லை. உறையவைத்து உருக்கிய வைரஸ், அப்போதுதான் வளர்த்தெடுத்த வைரஸ் அளவுக்குக் குடலில் தொற்றுவதில்லை. ஓர் ஆய்வு "தொற்றவில்லை" என்று சொன்னால், எந்த ஊர்க் கொசு, எத்தனையாவது தலைமுறை, வைரஸ் புதியதா உறைந்ததா என்று கேட்டுவிட்டே நான் மேலே படிப்பேன்.

ஜூன் 10, இரவு

முதல் குறிப்பில் நான்காம் நாளில் கால்களில் வைரஸைக் கண்டோம் என்று எழுதியதை இப்போது திரும்பப் பெறுகிறேன். நேற்று மூன்று மாதிரிகள் பற்றி எழுதும்போது அது உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த நாளில் கால் மாதிரிகளில் வைரஸ் காட்டிய ஐந்து கொசுக்களும் தட்டில் அடுத்தடுத்து இருந்தவை, ஐந்தையும் பிரித்தது நான், ஒரே இடுக்கி. ஒவ்வொரு கொசுவுக்கும் இடையே இடுக்கியை ஆல்கஹாலில் தோய்த்துத் தீயில் காட்ட வேண்டும் என்பது விதி. அதை அன்று ஒவ்வொரு முறையும் செய்தேன் என்பதற்கு அடையாளக் குறி எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. இரண்டாம் முறை செய்தபோது நான்காம் நாளில் ஒரு காலிலும் வைரஸ் இல்லை என்பதும் அடுத்த பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு கொசுவின் பிதுங்கிய வயிற்றிலிருந்து அடுத்த கொசுவின் கால்களுக்கு வைரஸைக் கொண்டுபோனது பெரும்பாலும் என் கைதான். அதை வைத்து நான் சொன்ன கருத்தும் நிற்காது.

ஜூன் 14

கொசுவுக்கு நோய் வராதா என்று மூல வினாவை எழுப்பிய நண்பர் மீண்டும் கேட்கிறார். நல்ல கேள்வி. கொசுவுக்கு ஆயுள் முழுதும் தொற்று இருக்கும். ஆனால் பெரும்பாலும் அது முட்டையிட்டுக்கொண்டும் பறந்துகொண்டும்தான் இருக்கும். பாதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில சேர்க்கைகளில் ஆயுளோ முட்டை எண்ணிக்கையோ குறைவதைச் சோதனைகள் காட்டியுள்ளன.

கொசுவிடம் நம்மைப்போல எதிர்ப்புப் புரதங்கள் கிடையாது. அதன் தலையாய கருவி ஆர்.என்.ஏ. குறுக்கீடு எனப்படும் முறை. வைரஸ் பெருகும்போது உண்டாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை டைசர்-2 என்னும் நொதி அடையாளம் கண்டு, 21 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்குகிறது. அந்தத் துண்டுகளை மாதிரியாக வைத்துக்கொண்டு ஆர்கோநாட்-2 என்னும் புரதம் அதே வரிசை கொண்ட வைரஸ் ஆர்.என்.ஏ.வைத் தேடி வெட்டுகிறது. இதனால் வைரஸ் அழிந்துபோவதில்லை, ஆனால் கட்டுக்குள் இருக்கிறது. சோதனையில் இந்த முறையை முடக்கினால் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் கூடுதலாகப் பெருகுகிறது. சிண்ட்பிஸ் போன்ற சில வைரஸ்களைக் கூடுதலாகப் பெருகவிட்டால் கொசுவே இறக்கிறது. கொசு சாகாமலும் வைரஸ் ஒழியாமலும் இருக்கும் இந்த நடுநிலைதான் நமக்கு ஆபத்து.

இதோடு ஒட்டிய ஒரு செய்தியும் உண்டு. உலகெங்கும் டெங்கு வைரஸை வளர்ப்பதற்குப் பயன்படும் சி6/36 என்னும் உயிரணு வளர்ப்பின் மூலம் புனேயில் இருக்கிறது. அங்கிருந்த வைரஸ் ஆய்வு மையத்தில் கே.ஆர்.பி. சிங் 1967-இல், ஏடிஸ் எஜிப்தியின் உறவினமான ஏடிஸ் அல்போபிக்டஸின் புழுக்களிலிருந்து உருவாக்கிய உயிரணு வரிசையிலிருந்துதான் 1978-இல் இகராஷி இதைப் பிரித்தெடுத்தார். நோயாளிகளின் இரத்தத்திலிருந்து வைரஸைப் பிரித்தெடுக்க இது ஏன் இவ்வளவு நன்றாக உதவுகிறது என்பதற்கான ஒரு விடை வெகுகாலம் கழித்துக் கிடைத்தது: இதன் டைசர்-2 செயலிழந்திருக்கிறது. காவலாளி இல்லாத வீடு. ஆகவே இந்த உயிரணுக்களில் கண்டதை வைத்து, முழுக் கொசுவில் இப்படித்தான் நடக்கும் என்று சொல்லிவிடக் கூடாது. நானும் ஓராண்டுக்கும் மேலாக இதைக் கொண்டு வேலை செய்த பிறகுதான் இதை அறிந்தேன்.

ஜூன் 17

ஜூன் 5 கணக்குக்கு ஒரு பின்குறிப்பு. பத்து நாள் என்பது, கொசுவுக்கு ஒரே முறை இரத்தம் கொடுத்து, பிறகு சர்க்கரைக் கரைசல் மட்டும் கொடுத்து வளர்க்கும் ஆய்வக வழக்கத்திலிருந்து பெரிதும் வந்த எண். வெளியில் ஏடிஸ் எஜிப்தி அப்படிக் குடிப்பதில்லை. சில நாட்களுக்கு ஒருமுறை, சில வேளை அடுத்த நாளே, மீண்டும் கடிக்கும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, தொற்று ஏறிய கொசுவுக்கு மூன்றாம் நாளில் வைரஸ் இல்லாத இரத்தத்தை இன்னொரு வேளை கொடுத்தால், வைரஸ் குடலைவிட்டு விரைவாக வெளியேறுவதைக் காட்டியது. இரத்தம் நிறைந்து குடல் விரியும்போது அடிச்சவ்வில் நுண்ணிய விரிசல்கள் ஏற்படுகின்றன. ஏற்கெனவே குடலுக்குள் பெருகிக் காத்திருக்கும் வைரஸ் அவற்றின் வழியே நழுவுகிறது.

நாளொன்றுக்கு எண்பது விழுக்காடு பிழைப்பு என்ற அதே கணக்கில், காத்திருப்பு பத்திலிருந்து ஏழு நாளாகக் குறைந்தால் எஞ்சும் கொசுக்கள் 11-இலிருந்து 21 ஆகின்றன. ஆகவே அன்று நான் சொன்ன அளவுக்கு நிலைமை நமக்குச் சாதகமானதல்ல.

ஜூன் 21

வைரஸ் தன்னை மாற்றிக்கொண்டு புதிய கொசுவுக்குத் தாவுமா என்று கேட்டவருக்கு: சிக்குன்குனியா நம் கண்முன்னே அதைச் செய்தது. 2005–06-இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினரை அது பீடித்தது. அங்கே பரப்பியது, வழக்கமான ஏடிஸ் எஜிப்தி அல்ல, ஏடிஸ் அல்போபிக்டஸ். வைரஸின் மரபுவரிசையில் உள்ள ஏறத்தாழ 12,000 எழுத்துகளில் ஒன்று மாறி, இ1 என்னும் புறப்புரதத்தின் 226-ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் வாலின் வந்து அமர்ந்திருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் அல்போபிக்டஸின் குடலில் தொற்றுவதற்குத் தேவைப்படும் வைரஸின் அளவு பெரிதும் குறைந்தது. முதல் தடையிலேயே கதவு அகலத் திறந்துகொண்டது.

என்னை உலுக்கியது அதன் அடுத்த பகுதி. இதே மாற்றம் கேரளத்திலும் மத்திய ஆப்பிரிக்காவிலும், ரீயூனியனிலிருந்து வந்தேறாமல், தனித்தனியே தோன்றியது. அல்போபிக்டஸ் நிறைந்த இந்த இடங்களில் வைரஸ் பரவியபோது அதே ஓர் எழுத்து தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஜூன் 22

வெப்பம் கூடினால் வைரஸ் வேகமாகப் பெருகும் என்பது சரி, ஆனால் சராசரி வெப்பம் மட்டும் போதாது. 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரி 26 டிகிரியாகவே இருக்க, பகலுக்கும் இரவுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு பெரிதாக இருந்தபோது டெங்கு தொற்றிய ஏடிஸ் கொசுக்கள் குறைந்தன. அவை விரைவாக இறக்கவும் செய்தன. சீரான 27 டிகிரியில் கொசு வளர்க்கும் எங்கள் அறைகள், எந்த ஊரின் வானிலையும் அல்ல.

ஜூன் 28

வோல்பாக்கியா பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். பூச்சிகளின் உயிரணுக்களுக்குள் வாழும் இந்தப் பாக்டீரியாவை 1924-இல் ஹெர்டிக், வோல்பாக் இருவரும் கியூலெக்ஸ் கொசுவில் கண்டு எழுதினார்கள். ஏடிஸ் எஜிப்தியில் இது இயல்பாக இல்லை. பழ ஈயிலிருந்து எடுத்து ஏடிஸின் முட்டைக்குள் ஊசியால் செலுத்தியபோது, டெங்கு வைரஸ் அந்தக் கொசுவுக்குள் பெருகுவது வெகுவாகக் குறைந்தது. இதைச் சுமக்கும் ஆண், சுமக்காத பெண்ணோடு இணைந்தால் முட்டைகள் பொரிப்பதில்லை. சுமக்கும் பெண்ணின் முட்டைகள் எப்படியும் பொரிக்கும். ஆகவே அது தானாகவே பரவி நிலைக்கிறது. 2011-இல் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் நகரை ஒட்டிய பகுதிகளில் இத்தகைய கொசுக்களை முதன்முதலில் வெளியில் விட்டார்கள். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில், நகரை 24 பகுதிகளாகப் பிரித்துக் குலுக்கல் முறையில் பாதிப் பகுதிகளில் விட்டு நடத்திய சோதனையில், அப்பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்தது என்று 2021-இல் முடிவு வெளியாயிற்று.

எப்படித் தடுக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு கருத்துக்கு வரவில்லை. வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் ஒரே கொழுப்புப் பொருட்கள் தேவைப்படுவதால் போட்டி எழுகிறது என்பது ஒரு விளக்கம். புதிதாக வந்த பாக்டீரியா கொசுவின் எதிர்ப்புணர்வை விழிப்பாக வைத்திருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவது முழு விளக்கமாக எனக்குப் படவில்லை: பழ ஈக்கு வோல்பாக்கியா புதிதல்ல, ஆனாலும் அங்கேயும் வைரஸ்கள் தடுக்கப்படுகின்றன.

ஜூலை 1

வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்திருக்கும்போது அவரைக் கொசுவலைக்குள் வைப்பது ஏன், அவருக்குத்தான் ஏற்கெனவே வந்துவிட்டதே என்று முதல் கேள்வியைக் கேட்ட நண்பரே இன்று கேட்டிருக்கிறார். இங்கே வலை காப்பது கொசுவைத்தான். கொசு வைரஸைக் குடிக்காமல் காக்கிறது. காய்ச்சல் தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள் முன்பிருந்து, காய்ச்சல் விட்டு இரண்டு நாள் வரையிலும் அவருடைய இரத்தம் கொசுவுக்குத் தொற்றைக் கொடுக்கக்கூடும். ஏடிஸ் பகலில் கடிப்பதால் வலை பகலிலும் வேண்டும்.

ஆனால் வலைக்குள் வராத ஒருவர் எப்போதும் உண்டு. கம்போடியாவில் நடந்து 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், டெங்கு தொற்றியும் அறிகுறி எதுவும் இல்லாதவர்களின் இரத்தத்தைக் கொசுக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் வைரஸ் அளவு சமமாக இருக்கும்போது, நோயுற்றுப் படுத்திருந்தவர்களைவிட இவர்கள் கூடுதலான கொசுக்களுக்குத் தொற்றைக் கொடுத்தார்கள்.